பெட்ரோல் மூடியில் இருந்தது என்ன?

மோட்டார் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் தும்மியது, நின்றுவிட்டது.

எங்கே நின்றது என்று நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் வெள்ளை மண்ணைச் சுரங்கக்காரர்கள் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருந்த இடம். காற்றடித்தால் அந்த மாவு பறந்து வந்து பல்லுக்கிடையில் நறநறக்கும். அன்றும் நறநறத்தது.

பின்சீட்டில் துரையும் துரைசானியும். அவர்களைச் சுற்றிப் பெட்டிகள், தொப்பிப் பெட்டி ஒன்று தனியாக. சுரங்கத்து ஆபீசில் துரையை ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து நேராகப் பங்காருபேட்டைக்குப் போய் மெட்ராஸ் மெயிலைப் பிடிக்க வேண்டும். துரைசானி தன் தங்கையைப் பார்க்கப் போகிறாள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஊரிகத்திலேயே ரயிலடி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மோட்டார் வைத்திருக்கிற மனுஷன் கிளை ரயிலில் ஏறினால் கிளப்பில் சிரிப்பார்கள். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலையிலேயே அவர் தமிழில் சொல்லி வைத்திருந்தார்: "வரதன், இன்னைக்கு வண்டி நிக்கும், நீயும் அங்கியே நிக்கும். திரும்பி வராதே." வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். நானும் என் பெண்டாட்டி அலமேலுவும் சட்டி பானையோடு வடாற்காட்டுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே எங்களுக்கு இருந்தது கடன்பட்ட ஒரு துண்டு மானாவாரி நிலம்.

நான் வழக்கம்போல இறங்கி, பெட்ரோல் தொட்டியின் பித்தளை மூடியில் கை வைக்கப் போனேன்.

"கைய எடுடா! மூடி மேல வெச்சே, ஒடிச்சிடுவேன்!"

மேட்டின் மறுபக்கத்திலிருந்து சுரங்கக் காவல் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். மீசையெல்லாம் வெள்ளை மண். பின்னால் இரண்டு ஜவான்கள். எவ்வளவு நேரம் அங்கே குப்புறப் படுத்திருந்தார்களோ, தெரியாது. அந்த மனுஷன் ஏன் அங்கே படுத்திருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

துண்டைத் தின்ற வாய்

மோட்டாருக்கு வருவதற்கு முன் நான் கம்ப்ரசர் ஹவுசில் இருந்தேன். பூமிக்கடியில் பாறையைத் துளைக்கிற மிஷினுக்குக் காற்றுதான் பலம். மேலே நீராவி என்ஜின் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, குழாயில் கீழே தள்ளும். காற்றை இழுக்கிற வாய் சுவரில் ஆளுயரத்துக்கு இருக்கும், கம்பி வலை போட்டு. அந்த வாய் பக்கத்தில் நின்றால் வேட்டி உள்பக்கமாக ஒட்டும். புதிதாக வந்தவர்கள் பேய் இழுக்கிறது என்று ஓடுவார்கள்.

ஒரு நாள் யாரோ காயப் போட்ட துண்டை அந்த வாய் இழுத்து வலையில் ஒட்டிக்கொண்டது. என்ஜின் சத்தமே மாறிவிட்டது. நிறைமாதக்காரி படியேறுகிற மாதிரி ஒரு மூச்சு. துண்டை எடுத்தால் சரியாகிவிடும். எடுத்தோமா? இல்லையே! "எவன் துண்டு இது? எவன் சொல்லி இங்க காயப் போட்டே? பக்கத்து மைன்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்று மேஸ்திரி எல்லாரையும் நிற்க வைத்து விசாரித்தார். விசாரணை முடிகிற வரைக்கும் துண்டு வலையிலேயே இருந்தது, சாட்சிக்கு.

எங்கள் ஊர் அப்படித்தான். இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைக்கவே முடியாது. ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தால் சோதனை. வாயைத் திற, முடியை உதறு, கோவணத்தை அவிழ். சோறு கொண்டுபோன தூக்கைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். தினம் தினம் ஒரு மனுஷனைத் திருடன் மாதிரித் தடவிப் பார்த்தால் அவனுக்கு வேறெந்தப் புத்தி வரும்? அவனும் அடுத்தவனைத் தடவிப் பார்ப்பான். சோதித்த ஜவானையே வீட்டில் பெண்டாட்டி சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.

நானும் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன்தானே. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக யோசிப்பேன்.

அத்தர் புட்டி

துரை மோட்டார் வாங்கியபோது அதற்கு ஓர் ஆள் தேடினார். "காத்து தெரிஞ்ச ஆள் வேணும்" என்று கம்ப்ரசர் ஹவுசுக்கு வந்து என்னைப் பொறுக்கிக்கொண்டு போனார். ஏன் என்னை, பக்கத்தில் நின்ற கோவிந்தனை ஏன் இல்லை என்று எனக்குக் கொஞ்ச நாள் சந்தேகமாகவே இருந்தது.

மனுஷன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். துரைசானியின் அத்தர் புட்டியைக் கொண்டுவந்தார். மேலே ரப்பர் உருண்டை. அதை அமுக்கினால் காற்று ஒரு குறுகலான வழியாக வேகமாக ஓடும். அந்த வழியின் நடுவே, புட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழல் எட்டிப் பார்க்கும். காற்று அதன் தலைக்கு மேலே ஓடுகிற வேகத்தில் கீழே இருக்கிற அத்தர் தானாக ஏறி வந்து, புகையாகப் பறக்கும்.

"இதான் கார்புரேட்டர்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். என்ஜினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகின கழுத்தில் நுழையும்போது வேகம் பிடிக்கிறது. அந்த வேகம் ஊசித் துளையிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூளாக்கி உள்ளே கூட்டிப் போகிறது. காற்று அதிகமானால் என்ஜின் இருமும். பெட்ரோல் அதிகமானால் கறுப்புப் புகை தள்ளும். இரண்டும் ஒத்துப்போனால் ஓடும். குடித்தனம் மாதிரிதான்.

எனக்கு ஒரே ஆச்சரியம். கம்ப்ரசரில் காற்றை அடித்து நெருக்கி வேலை வாங்கினோம். இங்கே காற்றைச் சும்மா போக விட்டாலே போதும், போகிற போக்கில் வேலை செய்துவிட்டுப் போகிறது. அதற்கு வழி மட்டும் விட வேண்டும்.

வழி விட்டிருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரைக்காரர்

வண்டி கொஞ்ச நாள் ராஜா மாதிரி ஓடியது. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் போனால் கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு வெளியே வருவார்கள். தெலுங்குக்காரர்கள், கன்னடக்காரர்கள், நம் ஆட்கள் எல்லாரும் ஒரே பாஷையில் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. வீட்டுக்கு வந்து பயமும் தாங்காது.

"எல்லார் கண்ணும் இந்த வண்டி மேலதான் அலமேலு. எப்படா இவன் விழுவான்னு பாத்துக்கினே இருக்கறானுங்க" என்று தினமும் சோற்றில் கை வைக்கும்போது சொல்வேன். அவள் குழம்பை ஊற்றுவாள்.

பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தது. துரையை ஏற்றிக்கொண்டு சுரங்கத்து கேட்டைத் தாண்டி வருவேன். நன்றாக வரும். சயனைடு மேட்டுக்கிட்டே வந்ததும் இருமல், தும்மல், மௌனம். இறங்கி மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இருக்கும். 'புஸ்'ஸென்று ஒரு பெருமூச்சு கேட்கும். வெயிலில் கிடந்த பெட்ரோல் டின்னைத் திறந்தாலும் அப்படித்தான் புஸ்ஸென்னும், அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூடியைத் திருகிவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டு, ஹேண்டிலைச் சுற்றினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நான் ஊதினதில்தான் சரியானது என்று நினைப்பேன். மறுநாள் அதே இடம், அதே இருமல்.

யார் மேல் சந்தேகப்படுவேன்? அருளப்பன் மேல்தான். மோட்டார் வருவதற்கு முன் துரைக்கு வண்டியோட்டியவர். குதிரையை விற்றுவிட்டார்கள். சாட்டை பிடித்த மனுஷனுக்கு பங்களா கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. என் மேல் ஆத்திரம் இல்லாமல் இருக்குமா?

நான் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி முடிக்க நேரமான நாட்களில் அவர்தான் மாடு பூட்டிக்கொண்டு இழுக்க வருவார். வரும்போதே முகத்தில் அத்தனை வெளிச்சம்.

"இன்னா வரதா, நின்னுடுச்சா?"

"நின்னுதான் இருக்குது, கண்ணு தெரியலியா அண்ணே?"

"என் குதிர என்னிக்கினா வழியில நின்னு எண்ணெ கேட்டுச்சா சொல்லு! பத்து வருசம் ஓட்டனேன். ஒரு நாளு கேட்டுச்சா?"

பெட்ரோலில் மண்ணைப் போடுகிறார் என்று நினைத்து வடிகட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. கொட்டகைப் பக்கம் வருகிறவர்கள் மொத்தத்தில் மூன்றே பேர். நான், அருளப்பன், பிறகு மதியச் சோறு கொண்டுவருகிற அலமேலு. நான் இல்லை. அலமேலு வெள்ளிக்கிழமையானால் வீட்டிலேயே சந்தனம் இழைத்துக் கொண்டுவந்து விளக்குக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். துரைக்கு அது பிடிக்காது என்று நான் சாயங்காலம் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவேன். அப்புறம் மிச்சம் யார்? அருளப்பனைத் தவிர வேறு ஆளே இல்லை.

கூட்டாளி

நான் அருளப்பனைக் கவனித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இன்ஸ்பெக்டர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவர் கணக்கைக் கேளுங்கள். சுரங்கத்துக்குள் போய்விட்டு வருகிற எல்லாரையும் கேட்டில் அவிழ்த்துச் சோதிக்கிறார்கள். துரையின் மோட்டாரை மட்டும் சலாம் போட்டு அனுப்புகிறார்கள். அந்த மோட்டார் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது. அதுவும் எங்கே? ஆள் ஒளிந்துகொள்ள வசதியான மேட்டடியில். நின்றதும் டிரைவர் இறங்குகிறான். இறங்கி என்ன செய்கிறான்? தொட்டி மூடியைத் திறக்கிறான், உள்ளே எட்டிப் பார்க்கிறான், மூடுகிறான். உடனே வண்டி கிளம்பிவிடுகிறது!

அந்த இடத்தில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தால் நானும் என்னைப் பிடித்திருப்பேன்.

இதை முன்கூட்டியே எனக்குச் சொன்னவர் யார் தெரியுமா? அருளப்பன். துரைசானி ரயிலேறுகிற அன்று காலையில் கேட்டைத் திறக்கும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வரதா, இன்ஸ்பெக்டரு உன் மேல கண்ணு வெச்சிருக்கறாரு. மூடியப் பத்தி எங்கிட்ட கேட்டாரு. நான் தெரியாதுன்னேன். பாத்துப் போ."

நல்லது சொல்கிறாரே என்று தோன்றியதா எனக்கு? இன்ஸ்பெக்டரிடம் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டு நம்மிடம் நல்லவன் வேஷம் போடுகிறார் என்றுதான் தோன்றியது.

மேட்டடியில்

"எங்கடா உன் கூட்டாளி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கூட்டாளி யாரும் இல்லீங்க ஐயா. வண்டி தானா நின்னுடுச்சி."

"தானா நிக்குதா! தெனமும் இங்கியே தானா நிக்குதா? நான் இன்னா காதுல பூ வெச்சிக்கினா இருக்கறேன்?"

என் சட்டையை அவிழ்த்தார்கள். வேட்டியை உதறினார்கள். துரைசானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தது. துரை ஆங்கிலத்தில் என்னென்னவோ கத்தினார். இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். சல்யூட் வைத்துவிட்டால் துரை பேச்சையும் கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

மூடியை அவரே திருகினார். புஸ்ஸென்றது. சட்டென்று கையை எடுத்தார்.

"உள்ள இன்னாடா இருக்குது?"

"பெட்ரோலுங்க."

நீளமான கம்பியை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே எடுத்து மோந்து பார்த்தார். மறுபடி துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மனுஷனுக்கு முகமே செத்துப்போயிற்று. மூடியைத் திருப்பித் தரப் போனவர் திடீரென்று அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"இது இன்னா ஓட்ட?"

மூடியின் நடுவில் கம்பெனிக்காரனே போட்ட துளை அது. குண்டூசி நுழைகிற அளவு.

"காத்துக்கு விட்ட ஓட்டைங்க."

"காத்துக்கா? அப்ப வெளிச்சம் தெரியணுமே, ஏன் தெரியல? உள்ள மஞ்சளா இன்னாமோ அடைச்சிக்கினு இருக்குது!"

ஜவான்கள் நெருங்கி வந்தார்கள். துரை கூட எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் தொப்பியில் குத்தியிருந்த பேட்ஜ் ஊசியை உருவித் துளையில் விட்டுக் குத்தினார். மிளகளவுகூட இல்லாத ஒரு மஞ்சள் துணுக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது. சுற்றி நின்ற யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் மஞ்சளாக எது விழுந்தாலும் அப்படித்தான்.

கட்டை விரலால் நசுக்கினார். பொடியாகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்!" என்றார், யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி.

காற்று என் பக்கம் அடித்தது. வெறும் சந்தனம் இல்லை அது. கிச்சிலிக் கிழங்கும் பச்சைக் கற்பூரமும் சேர்த்து இழைத்தது. எங்கள் லைனில் அப்படி இழைக்கிறவள் ஒருத்திதான்.

இப்போது எல்லாமே விளங்கிவிட்டது. ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர் மண்ணெண்ணெய் டின்னில் ஏன் இரண்டு ஓட்டை போடுகிறார்? ஒன்றில் காற்று உள்ளே போனால்தான் மற்றதில் எண்ணெய் வெளியே வரும். மூடியின் துளை அடைத்துப்போனதால் தொட்டியிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று இல்லை. கொஞ்ச தூரம் சமாளிக்கும், பிறகு பெட்ரோல் கீழே இறங்காது. கார்புரேட்டர் வறண்டு போகும். கிளம்பும்போதெல்லாம் நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன், அதனால் அந்தக் கொஞ்ச தூரம் எப்போதும் மேட்டடியில் முடிந்தது. நான் கேட்ட 'புஸ்' வெளியே வந்த மூச்சு இல்லை, உள்ளே போன மூச்சு. மூடியிலும் அவள் வைத்த பொட்டை நான் துடைக்கத் துடைக்க மேலே இருந்தது போயிற்று, துளைக்குள் இருந்தது இறுகியது. பித்தளைக்கும் காய்ந்த சந்தனத்துக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம்!

ஆனால் வாயைத் திறந்தேனா? எப்படித் திறப்பேன்? "சந்தனம் யார் வெச்சது?" என்பார் அடுத்து. அலமேலுவைக் காவல் சாவடிக்குக் கூப்பிடுவார். தங்கம் பிடிக்க வந்த மனுஷன் வெறுங்கையோடு போக மாட்டார்.

"பூஜை போட்டப்ப பட்டிருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

துரை கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினேன். ஒரே சுற்று. பங்காருபேட்டை வரைக்கும் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. மெயில் புகை தெரியும்போது நாங்கள் ஸ்டேஷன் வாசலில் இருந்தோம். அன்று காலையில் கார்புரேட்டரில் தான் திருகிய ஒரு ஸ்குருதான் காரணம் என்று துரை கிளப்பில் எல்லாரிடமும் சொன்னாராம். சொல்லட்டும். என் வேலை தப்பியது.

அன்று பங்களாவுக்குத் திரும்பியதும் அருளப்பன் கேட்டைத் திறந்துவிட்டு, "நிக்கலியா?" என்றார்.

"நிக்கல அண்ணே."

"அப்டியா" என்றார். குரலில் ஏமாற்றமா, நிம்மதியா? அதை இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் அவர் கழுத்தில் ஜெபமாலை தொங்கியது. அவர் எந்தக் காலத்தில் சந்தனம் இழைத்தார்! இத்தனை நாள் அதுகூட என் மண்டைக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அலமேலு தூக்குப் பாத்திரத்தோடு கொட்டகைக்கு வந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். விளக்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. விரல் நேராக மூடிக்குப் போனது.

எச்சில் கையோடு ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். இன்னொரு பொட்டு விளக்குக்கே வை."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "எல்லார் கண்ணும் இந்த வண்டி மேலதான்னு தெனமும் சொல்றது யாரு? நீங்கதான? இந்த வண்டில நடுவுல ஓட்டையோட கண்ணு மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான். இங்க வெக்காம எங்க வெக்கறது?"

நிஜத்தைச் சொன்னால் அழுவாள். அழுதால் குழாயடியில் நாலு பேர் ஏன் அழுதாய் என்பார்கள். அவள் சொல்வாள். அது இன்ஸ்பெக்டர் காதுக்குப் போகும். இன்னொரு தரம் மேட்டடியில் வேட்டியை உதற எனக்குத் தெம்பில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"கொழாயடியில பேசிக்கறாங்க. இன்ஸ்பெக்டரு இதுலருந்து மஞ்சளா இன்னாமோ எடுத்தாராம். நான் நம்பலன்னு சண்ட போட்டுட்டு வந்தேன். எங்கிட்டயாச்சும் நெசத்த சொல்லுங்க. இதுல இன்னா வெச்சிருக்கீங்க?"

இன்ஸ்பெக்டர் கேட்டபோது பயந்தேன். இவள் கேட்டதும் நெஞ்சு வலித்தது. கோபம் வந்தது, உடனே கண்ணில் தண்ணீரும் வந்தது. கையைக் கழுவினேன். மூடியைத் திருகிக் கழற்றி, துணியால் நன்றாகத் துடைத்து அவள் வாயருகே பிடித்தேன்.

"ஊது."

"இன்னாத்துக்கு?"

"ஊது சொல்றேன்."

ஊதினாள். மறுபக்கம் வைத்திருந்த என் உள்ளங்கையில் ஊசி முனை அளவுக்குக் காற்று பட்டது. அவள் கையைப் பிடித்து அங்கே வைத்து, நானும் ஒரு தரம் ஊதிக் காட்டினேன்.

"இதான் இருக்குது. காத்து. இது போவணும், வரணும். அதான் பொட்டு வேணாம்ன்றேன்."

மூடியை வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"காத்து மட்டுந்தானா?" என்றாள்.